அக்காவின் பூண்டும் அக்காவின் பயமும்

தேக்காவில் என் அக்காவை அறிந்தவர்கள் எல்லாரும் அவர்களைப் பயந்தாங்கொள்ளி என்றே சொல்வார்கள். அக்கா மறைந்த முதலாண்டு நினைவஞ்சலியில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இது வேறு யாரோ ஒருவருடைய வரலாறாகிவிடும்.

அக்கா நாகப்பட்டினத்தில் பிறந்தவர்கள். மணமாகி இந்தத் தேக்காவுக்குக் கப்பலேறியபோது வழிநெடுகக் கண்ணைத் திறக்கவே இல்லையாம். வந்த சில ஆண்டுகளில் அத்தான் பேதி கண்டு ஒரே பகலில் போய்விட்டார். அதன்பின் வெளியிலிருந்து வரும் எதையும் அக்கா நம்பவில்லை. தோட்டங்களில் கீரைக்கு மனிதக் கழிவைக் கரைத்து ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டுக்குப் பின்னால் உடைந்த பானைகளில் தாமே பயிரிடத் தொடங்கினார்கள். உரம், பக்கத்து மாட்டுக் கொட்டகையின் மக்கிய சாணம் மட்டுமே. அதையும் காயவைத்து, உடைத்து, முகர்ந்து பார்த்துத்தான் போடுவார்கள்.

என் மனைவி செல்லத்துக்கு மகள் பிறந்தபோது தெருவில் மறுபடியும் பேதி வந்தது. செல்லத்துக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழவும் வலுவின்றிக் கிடந்தாள். பூண்டு கொடுத்தால் பால் ஊறும். ஆனால் வீட்டிலிருந்த மலைப்பூண்டு, சீனப்பூண்டு, ஒற்றைப்பூண்டு எல்லாவற்றையும் அக்கா முன்பே பானைகளில் ஊன்றியிருந்தார்கள்.

"கடையில வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. யாரு கை பட்டதோ. எனக்குப் பயமா இருக்கு."

பானைகளைக் கவிழ்த்தோம். இந்த ஊர் வெக்கையில் பூண்டு பல் வைக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. மலைப்பூண்டும் சீனப்பூண்டும் வெறும் பச்சைத் தாளாக நின்றன. ஒற்றைப்பூண்டு சுண்டைக்காய் அளவே இருந்தது. அக்கா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்கள். பிறகு எழுந்து தாளை அரிந்து, அந்தச் சுண்டைக்காய்களையும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தார்கள்.

வைத்த குழம்பைச் செல்லத்துக்குக் கொடுக்கவில்லை. சோற்றில் ஊற்றித் தாமே உண்டார்கள்.

"பொறு. எனக்கு ஒண்ணும் ஆகலன்னா, சாயங்காலம் அவளுக்குக் கொடு."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கென்ன, பால் குடிக்கிற பிள்ளையா இருக்கு?"

துணிந்து சொன்னதாக நினைக்க வேண்டாம். சாயங்காலம் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அன்று செல்லம் சாப்பிட்டாள். மறுநாள் குழந்தை பால் குடித்தாள். பூண்டுத் தாளின் குணமா, வயிறு நிறைந்த தெம்பா, நான் அறியேன்.

சென்ற ஆண்டு அக்கா காய்ச்சலில் படுத்தபோது, கஞ்சியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டார்கள். செல்லம் ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.

"துப்பிடுடி. உனக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆகல அண்ணி, பாருங்க."

அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத்தான் அக்கா வாய் திறந்தார்கள். கடைசிவரை ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

மருந்து தந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த மாட்டுக் கொட்டகை அண்ணன்மாருக்கும், துக்கம் கேட்க வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் படையலுக்குச் செல்லம் அதே பூண்டுத் தாள் குழம்பை வைத்தாள். படைக்குமுன் யாரும் வாயில் வைக்கக் கூடாதல்லவா? கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றாள்.

"நான் சாப்பிட்டுக் காட்டாம அண்ணிக்கு எப்படிங்க வைக்கிறது?"

அப்படியே இலையில் வைத்தோம். அக்கா தனியாக, பயந்துகொண்டே சாப்பிடுவார்களே என்று எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.