ஒன்பதாவது தூண்

திருவிதாங்கூர் எல்லையில், அஞ்சுகிராமத்தில் சந்தைக் கொட்டகை கட்டியபோது நான்தான் ஓவர்சியர். இரும்புத் தூண் ஒவ்வொன்றும் காங்கிரீட் அஸ்திவாரத்துக்குள் நாலடி இறங்கவேண்டும். ஒன்பதாவது குழியில் பாறை தட்டியது. கொத்தனார் செல்லையா அன்று வரவில்லை. பாறையை உடைக்கச் சோம்பல்பட்டு, தூணின் அடியை அறுத்து ஒன்றரை அடி மட்டும் இறக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிக்காற்று எழுந்ததும் அந்தத் தூண் மட்டும் முனகத் தொடங்கியது.

“காவு கேக்குது, சாரே” என்றார் செல்லையா. மறுநாள் அதன் அடியில் கோழி அறுத்தார்கள். முனகல் நிற்கவில்லை.

ஒரு மதியம், சித்தாள் ஒருத்தி அந்தத் தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் நடுவே தொட்டில் கட்டியிருந்தாள். ஆட்டுவதற்கு அருகில் யாருமில்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தூண்தான் ஆட்டியது. முனகலைக் கேட்டுப் பிள்ளை சிரித்தது.

“ஏட்டி, பிள்ளைய எடு” என்று ஓடினேன். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செல்லையா குனிந்து பார்த்தார். தூணைச் சுற்றிக் காங்கிரீட் விண்டிருந்தது.

“அப்போ கோழிய அறுக்கும்போ நீங்க பக்கத்துலதான நின்னிய, சாரே?” என்றார் மெதுவாக.

நின்றிருந்தேன். எல்லோரோடும் சேர்ந்து கும்பிடவும் செய்தேன்.