மருதம்மாளின் இடது கால் கடை

மருதம்மாள் செய்த செருப்பைப் போட்டவர் எதிரே வருகிறார் என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். புகை போட்ட ரப்பர் ஷீட்டை மடித்து ஒட்டி, பாலெடுக்க மரம் சீவும் கத்தியால் அறுத்து, பழைய சைக்கிள் டியூபில் வார் வைத்த செருப்பு அது. வெயில் ஏறினால் இளகித் தரையைப் பிடித்துக்கொள்ளும், மழையில் வழுக்கும். "வெள்ளக்காரன் சப்பாத்தெல்லாம் இதுகிட்ட நிக்காது லா" என்று அவள் சிரிக்காமல் சொல்வாள். ஜப்பான்காரன் வந்தபின் கடையில் வேறு செருப்பே இல்லாததால் அவளை மறுத்துப் பேச ஆளில்லை.

திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். போரால் ரப்பரை வாங்க யாருமின்றி ஷீட்டுகள் ஸ்டோரில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. அவள் எடுத்துப் போவதைத் தோட்டக் கணக்கரான கிராணி குழந்தைவேலு கண்டுகொள்ளவில்லை. அவர் காலிலும் ஒரு ஜோடி கிடந்ததுதான் காரணம்.

செருப்பு இருந்தது, சேலைதான் இல்லை. மருதம்மாளுக்கும் மகள் புஷ்பவள்ளிக்கும் சேர்த்து ஒரே சேலை. தாய் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், மகள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு லயத்து வரிசை வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். தீபாவளியிலிருந்தே அந்தப் பெண்ணைப் பகலில் யாரும் வெளியே பார்க்கவில்லை. கேட்டவர்களிடம், "மகாராணி வெளிய வர்றதில்ல" என்பாள் மருதம்மாள். சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுவாள்.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விடுமுறைக்குச் சுங்கைப் பட்டாணி பள்ளித் திடலில் கைவேலைக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு தோட்டமும் பொருள் கொண்டுவர வேண்டும். காட்சி முடிந்ததும் விற்றுக்கொள்ளலாம். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும், மக்கள் மனமுவந்து எல்லாவற்றையும் ராணுவத்துக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டதாக மேடையில் ஒருவர் அறிவித்தார். தங்கள் மனம் உவந்த செய்தியைக் கடை போட்டவர்கள் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். மருதம்மாள் முடைந்த பாய்கள் எல்லாம் லாரியில் ஏறின.

இந்த வருடம் அறிவிப்பு அட்டை எழுத என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். அவள் மேசையில் செருப்புகளைப் பரப்பியதும் குழந்தைவேலு குனிந்து பார்த்தார். குனிவது அவருக்குப் பழகிப்போன வேலை. ஒருமுறை ஜப்பான் அதிகாரியின் காலிக் காருக்கும் வணக்கம் போட்டிருக்கிறார்.

"என்னம்மா இது, எல்லாம் எடது காலா இருக்கு?"

"காட்டத்தானே கேட்டீங்க, கிராணி ஐயா? ஒரு காலக் காட்டினா போதாதா?"

"வலது எங்க?"

"வீட்ல. வாங்கறவங்களுக்கு அப்புறமா கொண்டாந்து குடுப்பேன். ஒத்தக் கால எவன் தூக்கிட்டுப் போவான்?"

அதற்குள் அதிகாரி வரும் சத்தம் கேட்கவே, அவர் வணங்க ஓடினார்.

அப்போதுதான் உமையாள் ஆச்சி வந்தாள். துணிக்கடைக்காரரின் மனைவி. கடை அலமாரி காலி. கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டி காலியில்லை என்பது ஊருக்கே தெரியும். கார் பறிபோனதால் ஆச்சி வெறுங்காலோடு நடந்து, சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"பணம் வேணாம் ஆச்சி. ஒரு சேல குடுங்க. வலதுகால நாளைக்கே கொண்டாந்து போடறேன்."

"ரப்பர் செருப்புக்குச் சேலையா? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சேல பொட்டியில தூங்குது. காலு ரோட்ல வேகுது. ஆச்சியே பாத்துக்குங்க."

கால் வென்றது. ஆச்சி வீட்டுக்குப் போய், நீளமான கண்டாங்கிச் சேலை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் கொடுக்கவில்லை. பக்கத்து மேசையில் சாக்குக் கால்சட்டை விற்ற தையற்காரர் அப்பளசாமியிடம் கத்தரிக்கோலை வாங்கிச் சேலையைச் சரிபாதியாக வெட்டினாள்.

"ஐயோ, நல்ல சேலைய வெட்டிட்டீங்களே!"

"ஒத்தக் காலுக்குப் பாதிச் சேல. மத்த கால் வரட்டும், மத்த பாதியத் தாரேன்."

ஆச்சி இடது செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டிப் போனாள். மருதம்மாள் பாதிச் சேலையை வயிற்றில் சுற்றி மறைத்தாள். மரவள்ளி தின்று எல்லாரும் மெலிந்திருந்த காலத்தில் அவள் ஒருத்திக்குத் தொந்தி வந்துவிட்டது. நல்லவேளையாக எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முடிந்தது. மக்கள் மனம் மறுபடியும் உவந்தது. மேசைகளைக் காலி செய்துகொண்டு வந்தவர்கள் இடது செருப்புகளையும் விடவில்லை. அவற்றில் இரண்டைக் குழந்தைவேலு, வணங்கும் அவசரத்தில் எல்லாம் இடது என்பதை மறந்து, தன் கையாலேயே அதிகாரியின் காலடியில் வைத்தார். அதிகாரி மாட்டிக்கொண்டு நடந்தார். வலது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. பளார் என்று ஓர் அறை விழுந்தது. கிராணியின் கண்ணாடி புல்லில் போய்ச் சேர்ந்தது. குனிந்து தேடியவர், அதையே ஒரு வணக்கமாகவும் முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வீங்கிய கன்னத்தோடு லயத்துக்கு வந்தார்.

"வலது எல்லாத்தையும் எடு! இல்லாட்டி ஒன்ன ரயில் பாதை போடற காட்டுக்கு லாரியில ஏத்தி அனுப்பிடுவேன்."

மருதம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு சாக்கை நீட்டினாள்.

"இவ்வளவுதானா? நானே உள்ள பாக்கறேன்."

"பாருங்க. பொண்ணு சாக்கச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு. கிராணி ஐயாவுக்கு வெக்கம் இல்லாட்டி வாங்க."

நேற்று அடி வாங்கியபோது வராத வெட்கம் அவருக்கு அப்போது வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கோடு போய்விட்டார். மேடைக்குப் போன இடதும் சாக்கில் இருந்த வலதும் ஜோடி சேர்ந்துவிட்டதால் பிறகு யாரும் தேடி வரவில்லை. ஆச்சிக்குரிய வலது செருப்பின் மேல்தான் புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு மருதம்மாள் ஆச்சி வீட்டுக்குப் போனாள். ஆச்சி வாசலிலேயே நிறுத்தினாள். நேற்று வீடு திரும்பும்போது இடது செருப்பு தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டதாம். பிய்த்து எடுத்ததில் நுனி கோணிப்போனதாம்.

"இந்தக் கண்றாவிக்குப் பாதிச் சேலையே தண்டம். மீதி வேற வேணுமா? வலத வச்சுட்டுப் போ."

"மீதியக் குடுங்க, வைக்கறேன்."

இருவரும் கொடுக்கவில்லை. வரும் வழியெல்லாம் மருதம்மாள் ஆச்சியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பாதிச் சேலையை விரித்துப் பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள். முழுச் சேலை கட்டுகிறவளுக்குத்தான் அது பாதி. அப்பளசாமி, தனக்கும் ஒரு ஜோடி செருப்பு என்ற பேச்சில், அதை ஒரு பாவாடையாகவும் தாவணியாகவும் தைத்துக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு காலையில் புஷ்பவள்ளி குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். வெயில் பட்டுக் கண் கூசியது அவளுக்கு. வரிசையில் இருந்த பெண்கள் விலகி இடம் விட்டார்கள். "மகாராணி வந்துட்டாங்க லா" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், புஷ்பவள்ளியும் சிரித்தாள்.

சில வாரம் கழித்து, பங்கீட்டு அரிசி வரிசையில் தாயோடு நின்ற புஷ்பவள்ளியின் பாவாடையில் ஆச்சி அந்தக் கண்டாங்கிக் கரையை அடையாளம் கண்டுகொண்டாள். வெறுங்காலோடு சுடுமணலில் கால் மாற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏன்டி மருதம்மா, அந்த வலது செருப்பு இன்னும் வீட்ல சும்மாதானே கிடக்கு?"

"ஆமா ஆச்சி. உங்க பொட்டியில பாதிச் சேல கிடக்கற மாதிரிதான்."