சாவிக்கொத்து அக்காவும் அமைதி அறையும்

எங்கள் மையத்தில் சர்க்கரைக்குப் பூட்டு உண்டு. டீத்தூளுக்கு உண்டு, கழிவறைக்கு உண்டு, நூற்கண்டு வைக்கும் அலமாரிக்கும் உண்டு. அத்தனை சாவியும் ஒரே ஆளின் இடுப்பில் தொங்கும். அவள் நடந்து வந்தால் வாசலில் படுத்திருக்கும் பூனைகூட எழுந்து வழிவிடும். முன்னால் நாங்கள் அவளை அக்கா என்போம். பின்னால் சாவிக்கொத்து. அது அவளுக்கும் தெரியும்.

நான் அங்கே தையல் டீச்சர். ஊசி உடைந்தால் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். "போன வாரம்தானே ஒண்ணு குடுத்தேன்?" என்பாள். "ஊசிய என்ன நான் தின்னவா செய்றேன்?" என்பேன். அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு ஓர் ஊசியோடு திரும்புவேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அவள் முன்னால் அந்த வாயும் எடுபட்டதில்லை.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மையம் அடிபட்டும் துரத்தப்பட்டும் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கானது. அவளும் அப்படி வந்தவள்தான். அவள் புருஷன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவானாம். ஒருநாள் பக்கத்து வீட்டில் தீப்பிடித்துப் புகையெல்லாம் இவள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கதவைத் தட்டியிருக்கிறாள். தெருவில் போனவர்கள் புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று போய்விட்டார்கள். கடைசியில் பால்காரர்தான் பூட்டை உடைத்திருக்கிறார். அவள் அப்படியே மூச்சிரைக்க இங்கே வந்து நின்று, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றுதான் கேட்டாளாம். எங்கள் தலைவியம்மா சாவியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். கொடுத்ததுதான், அதன்பிறகு ஒரு சாவியும் திரும்பி வரவில்லை. பின்கட்டு அறையில் தங்கிக்கொண்டு மையத்தையே அவள்தான் கட்டி மேய்க்கிறாள்.

இந்த நிலைமையில்தான் நிதி விஷயம் வந்தது. வாடகைக்கு உதவிக்கொண்டிருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். புதிதாக ஏதாவது நிதி கிடைக்காவிட்டால் மையத்தை மூட வேண்டியதுதான். எனக்கென்ன, மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா எங்கே போவாள்? போவதற்கு அவளுக்கு இந்த உலகத்தில் வேறு கதவே கிடையாது.

தலைவியம்மா அலைந்து திரிந்து ஒரு நிதியைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 'மனக்காயம் உணர்ந்து செயல்படும் நடைமுறைகளுக்கான நிதி'. முதல் தடவை படித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. விசாரித்தால் விஷயம் சின்னதுதான். ஏற்கெனவே மிரண்டுபோய் வருகிறவர்களை நாமும் நம் பங்குக்கு மிரட்டக் கூடாது. கத்தக் கூடாது, கதவை அறையக் கூடாது, எதற்கும் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதற்கு முதலில் கொஞ்சம் பணம் தருவார்கள், பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள், பிடித்திருந்தால் மீதி வரும். மையத்தின் உயிர் அந்த மீதியில்தான் இருந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். குரலே வெளியே வராத பெண். அவள் பேசப் பேச நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் அவள் மடியிலேயே விழுந்துவிடுவோம் போல இருந்தது. "முடிவு எப்பவும் அவங்க கையில இருக்கணும். வெளிய போற வழி கண்ணுக்குத் தெரியணும். கதவுங்க திறந்திருக்கணும்" என்றாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கொடுத்த சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள். நேரே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

என் பாடு இன்னும் மோசம். ஒருத்தி ரவிக்கையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். பழைய நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும். பயிற்சி எடுத்த பாவத்துக்கு மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "இதைப் பத்தி நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த தலைவலிக்கு எந்த நிதியும் ஈடாகாது.

முதல் பணத்தில் ஓர் அமைதி அறை செய்தோம். மனசு படபடக்கிறவர்கள் போய் உட்கார்ந்து ஆறிக்கொள்ளும் இடம். வெளிர்நீலச் சுவர், கால் புதையும் கம்பளம், கதவுக்குப் பின்னால் தள்ளி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படாதபடி மெத்தை வைத்த பெரிய நாற்காலி. பார்த்ததும் எனக்கே ஒருமுறை படபடப்பு வந்தால் தேவலை என்று தோன்றியது. ஆனால் உட்கார யார் விட்டார்கள்? அக்கா அன்றைக்கே பூட்டிவிட்டாள்.

"அக்கா, அது மனசு சரியில்லாதவங்களுக்குப் போட்ட ரூம்" என்றேன்.

"அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் எல்லாரும் மனச சரியா வச்சுக்கங்க" என்றாள். "கம்பளத்துல கறை பட்டா நீயா வந்து தேய்ப்ப?"

ஆக, அமைதி அறைச் சாவி யாரிடம் என்பதில்தான் மையத்தின் பெரிய சண்டைகள் எல்லாம் அதன்பிறகு நடந்தன.

அதிகாரி வரும் நாளும் வந்தது. நல்ல உயரம், கழுத்தில் டை, சிரித்த முகம். நாங்கள் எல்லோரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, பூனைநடை நடந்துகொண்டு, பார்க்கத் திருடவந்த கூட்டம்போல இருந்தோம். அவர் எல்லா இடத்தையும் பார்த்தார். அக்கா காலையிலேயே திறந்து வைத்திருந்த அமைதி அறைக்கு வந்ததும், "இங்க வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்னு நானும் கொஞ்ச நேரம் தனியா உக்காந்து பாக்குறேனே" என்றார். தலைவியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு நாங்கள் இருவரும் அலுவலக அறைக்கு வந்தோம்.

அக்கா அப்போது அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இது எதுவும் அவளுக்குத் தெரியாது. நடையில் வந்து பார்த்தாள். அமைதி அறைக் கதவு பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே ஆள் கண்ணில் படவில்லை. பார்த்துவிட்டுப் போனவர்கள் கதவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, இழுத்துச் சாத்தி, பூட்டி, கைப்பிடியைத் துடைத்தும்விட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

உள்ளே இருந்த மனுஷர் இதுவும் நடைமுறையில் ஒன்று போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாராம். அப்புறம் தட்டினார். முதலில் மரியாதையாகத்தான் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மரியாதை போய்விட்டது. "யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க!"

தலைவியம்மாவும் நானும் ஓடினோம். தலைவியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பதற்றத்தில் பயிற்சியில் கற்றது மட்டும்தான் அவர் வாயில் வந்தது. கதவில் வாயை வைத்து, மெல்லிய குரலில், "சார், இப்ப நீங்க எப்படி உணர்றீங்க?" என்று கேட்டார்.

"உணர்றதா? முதல்ல கதவைத் திறங்கம்மா!"

நான் பயிற்சியை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, "அக்கா! அடியே சாவிக்கொத்து!" என்று கத்தினேன். அவள் ஏற்கெனவே நடை முனையில் வந்து நின்றுகொண்டிருந்தாள். பேயறைந்ததுபோல நின்றாள். உள்ளே அவர் தட்டத் தட்ட இவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாவிக்கொத்து கையிலிருந்து தரையில் விழுந்தது.

நான்தான் எடுத்தேன். எடுத்து என்ன பயன்? ஒரு சாவிக்கும் அடையாளம் கிடையாது. வேறு யாரும் திறந்துவிடக் கூடாதென்று இருந்த அடையாளத்தையெல்லாம் அவளே பிய்த்துப் போட்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகினேன். சர்க்கரை டப்பா சாவி, நூல் அலமாரி சாவி, எதற்கென்றே தெரியாத சாவி. உள்ளே அவருடைய குரல் சின்னப் பையன் குரலாக மாறிவிட்டது. "திறங்க, தயவுசெஞ்சு திறங்க" என்று அழ ஆரம்பித்தார். நிதி போச்சு, மையம் போச்சு, இவளும் தெருவுக்குப் போனாள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அப்போது அக்கா வந்து கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"சார், பூட்டினது நான்தான். உள்ள ஆள் இருக்குன்னு தெரியாம பூட்டிட்டேன்" என்றாள். அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது. "நான் கதவு பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். திறக்காம எங்கயும் போக மாட்டேன். கேக்குதா?"

தட்டும் சத்தம் நின்றது. "போயிட மாட்டீங்களே?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"மாட்டேன். இங்கதான் இருக்கேன்."

இப்படியே அவர் கேட்க இவள் சொல்ல, சொல்லிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள். கொத்தைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி ஒன்றை எடுத்தாள். இரண்டு தடவை துவாரம் தவறி மூன்றாம் தடவை திரும்பியது.

அவர் வெளியே வந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். டை முதுகுப் பக்கம் போயிருந்தது. ஆறிப்போன டீயைக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"பூட்டின ரூம்னா சின்ன வயசுலேர்ந்தே எனக்கு ஆகாது" என்றார்.

"எனக்கும் ஆகாது சார்" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்த்தார். அவள் மடியில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. தலைவியம்மா மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

மீதி நிதி வந்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஆட்கள் புழங்கும் எந்த அறைக்கும் வெளிப்பக்கம் பூட்டு இருக்கக் கூடாது. உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும்தான். அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு வாசல்கதவுச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். சர்க்கரை டப்பாவின் கதி என்ன என்று அதிகாரிக்கே போன் போட்டுக் கேட்டாள். சர்க்கரை விஷயத்தில் நிதி தலையிடாது என்று அவர் சொல்லிவிட்டார். தச்சர் பூட்டுகளைக் கழற்றியபோது அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஆணியையும் கேட்டு வாங்கினாள்.

போன வாரம் மத்தியானம் எனக்கு ஊசி உடைந்தது. அக்காவை மையம் முழுக்கத் தேடினேன், காணோம். அமைதி அறைக் கதவைத் தள்ளினால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்று அக்காவின் குரல் வந்தது.

"உள்ள என்ன பண்றீங்க? எனக்கு ஊசி வேணும்."

"உக்காந்திருக்கேன். அப்புறம் வா."

"எப்ப திறப்பீங்க?"

"எனக்கு எப்பத் தோணுதோ அப்பத் திறப்பேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே மெஷின் சும்மா கிடக்கிறது, இங்கே இவளுக்குச் சொகுசு நாற்காலி. வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே அக்கா இருக்கிறாள், தாழ்ப்பாள் அவள் கையில் இருக்கிறது. ஊசியாவது ஒன்றாவது என்று கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "டீச்சர், போயிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, இங்கதான் இருக்கேன்" என்றேன். "நீங்க மெதுவா வாங்க."