மெதுவாக நடப்பவர் முன்னால்

ஒரு மனிதரிடம் பொய் சொல்லி, எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவிலிருந்து அவரை விலக்கினேன். விலக்கப்பட்டது அவருக்கே தெரியாதபடி அதைச் செய்தேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.

புதுக்கோட்டையில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. ஞாயிறு விடிவதற்கு முன் வேன் பிடித்து நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று எங்காவது போய் நடப்போம். வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயிலுக்கு முன் வீடு திரும்புவோம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். எங்கே போவது, எந்தப் பாதையில் நடப்பது என்பதை எல்லாரும் என்னிடம் விட்டிருந்தார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர் முன்னால் போகவேண்டும்; மற்றவர்கள் அவரைத் தாண்டக்கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறை ஒருவர் பின்தங்கி, மயங்கி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வேனுக்கு வந்த பிறகுதான் அவர் இல்லாதது தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த விதி.

நான் பொய் சொன்ன அந்த மனிதரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சேர்ந்ததிலிருந்து முன்னால் போகிறவர் அவர்தான். அன்னவாசல்காரர். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்து, மகனுடைய ஜவுளிக்கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஊரு தெரியுது சார், ஆளுதான் தெரியல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நாலு பேருகூடப் பேசுறேன்." எல்லாருக்கும் ஃபிளாஸ்க்கில் சுலைமானி, பால் விடாத டீ, கொண்டுவருவார். வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

"பாய், பிரேக்குலேருந்து கால எடுங்க" என்று பின்னாலிருந்து யாராவது சத்தம் போடுவார்கள்.

"வண்டி பழசு, லோடு ஜாஸ்தி" என்பார் திரும்பிப் பார்க்காமலே.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நார்த்தாமலைப் பாறையில் ஏறி, மேலே இருக்கும் கோயிலில் முதல் வெளிச்சம் விழுவதைப் படம் எடுக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் போய்ச் சேரும்போது பாறை சுட ஆரம்பித்திருக்கும். என் பொய்க்குக் காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஒரு காரணமும் இல்லை.

வாட்ஸ்அப்பில் அவரைச் சேர்க்காமல் ஒரு புதிய குரூப் ஆரம்பித்தேன். மற்றவர்களிடம், பாய்க்கு முட்டி முடியவில்லை, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவரிடம், யாருக்கும் ஆர்வம் இல்லை, குழுவைக் கலைத்தாயிற்று என்றேன். பழைய குரூப்பை அப்படியே விட்டுவிட்டேன்; புதியது வந்தபின் மற்றவர்கள் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். அதில் அவர் தினமும் காலை வணக்கம் போட்டார். சனிக்கிழமைதோறும், "நாளைக்கு யாராச்சும் கிளம்புறீங்களா?" என்று கேட்டார். நான் மட்டும், "இல்லை பாய்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, புதிய குரூப்பில் வேன் எங்கே நிற்கும் என்று எழுதுவேன்.

பல மாதங்கள் அன்னவாசல் பக்கமே வேனை விடவில்லை. பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒருவர் சித்தன்னவாசல் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அன்று, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் எல்லாரும் ஒரே நிறத் தொப்பியோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். அன்னவாசலிலிருந்து வந்த டவுன் பஸ் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் பாய் இருந்தார். என்னைப் பார்த்தார். வரிசையை முழுவதும் பார்த்தார். கூப்பிடவில்லை. பஸ் போய்விட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அன்று மதியம் பழைய குரூப்பிலிருந்து அவர் வெளியேறியதாகத் திரையில் ஒரு வரி வந்தது. எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு ஞாயிறன்று வேனில், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, "அந்தப் பாய் முட்டி இப்ப எப்படி இருக்காம்? வர்ற வாரம் எல்லாரும் போய்ப் பாத்துட்டு வருவமே" என்றார். எல்லாரும் சரி என்றார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் புதன்கிழமை நான் தனியாக அன்னவாசல் போனேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

கடையில் மகன் துணி வெட்டிக்கொண்டிருந்தான். பாய் எழுந்து, "வாங்க சார், வாங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

"முட்டியா?" என்று குனிந்து தன் காலைப் பார்த்தார். "நான் அந்த மெசேஜுன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. புதிய குரூப் ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், குழுவில் ஒருவர் முஸ்லிம்களைப் பற்றி அசிங்கமான ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார். "இது வேணாமே சார்" என்று பாய் மட்டும் எழுதினார். மற்றவர்கள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

"இல்ல பாய். சத்தியமா அது இல்ல."

"அப்ப நான் நெனச்சது தப்பு." அவர் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. "வீட்ல எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன் சார். அதுலேருந்து உங்க ஆளுங்க யாரு கல்யாணத்துக்கும் நாங்க போறதில்ல, யாரு வீட்லயும் டீ குடிக்கிறதில்ல. இப்ப முட்டின்னா எப்படிச் சொல்றது?"

மகன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "நல்லா யோசிச்சுத்தான் வந்திருக்கீங்க சார். முட்டின்னா யாருக்கும் கெட்ட பேரு இல்ல பாருங்க."

"டேய், சார் சொல்றாருல்ல?"

"அன்னைக்கும் சார்தான் சொன்னாரு அத்தா, குரூப்பக் கலைச்சாச்சுன்னு."

அந்தச் செய்தி என் மனதில் இருக்கவில்லை என்று என்னால் சொல்லமுடியும். ஆனால் இவ்வளவு நாளும் பாய் எங்கே என்று ஒருவரும் அவருக்குப் போன் போடாமல் இருந்ததற்கு முட்டிதான் காரணமா என்று என்னால் சொல்லமுடியாது.

அன்றே நடந்ததை அப்படியே புதிய குரூப்பில் எழுதினேன். செய்தி பகிர்ந்தவர், "இதுல நான் என்ன பண்ணேன்?" என்றார். நர்ஸ் அம்மா, "ஞாயித்துக்கெழம வேன் அன்னவாசல்ல நிக்கட்டும்" என்று மட்டும் எழுதினார். பாய்க்கும் நான் தகவல் அனுப்பினேன். படித்துவிட்டார் என்பது தெரிந்தது.

இருட்டோடு போய்க் கடை வாசலில் நின்றோம். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துப் படிக்கட்டில், கைப்பிடியைப் பிடித்தபடி பாய் இறங்கிவந்தார். செருப்புத்தான் போட்டிருந்தார், ஷூ இல்லை. ஜன்னல் வழியாக நர்ஸ் அம்மாவிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தார்.

"ஏறுங்க பாய், எடம் இருக்கு" என்றார் நர்ஸ் அம்மா.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வந்தா பையன் சங்கடப்படுவான். இனிமே அவன்கூட மல்லுக்கட்ட முடியாது." என் பக்கம் பார்த்து, "சீனி கொஞ்சம் கம்மி சார்" என்றார்.

குடுமியான்மலையில் இறங்கியதும் யார் முன்னால் போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றோம். பிறகு நடந்தோம். சுலைமானியைப் பாறை நிழலில் பங்கு போட்டுக் குடித்தோம்.

திரும்பும்போது கடை திறந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. நான் இறங்கி ஃபிளாஸ்க்கை மகனிடம் கொடுத்தேன். வாங்கி, மீதம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, காத்திருந்த பெண்ணிடம், "சொல்லுங்கக்கா, எத்தனை மீட்டர்?" என்று கேட்டான்.