மீட்டர் பலகைக்குப் பின்னால் இருந்த பச்சை

அந்தப் பச்சைச் செதில் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு ஓரம் உடைந்திருக்கும். போன மாதம் சிங்காநல்லூரில் நாங்கள் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் பெயிண்ட் கடைக்காரர் பெயிண்டர்கள் கூட்டம் ஒன்று வைத்தார். மண்டபம் பிடித்து, மதியத்துக்குப் பிரியாணி போட்டு, ஆளுக்கொரு பனியனும் பையும் கொடுத்து, புதிதாக வந்த சரக்கைப் பற்றிப் பேசுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "ஏனுங்க, நீங்க சீனியர். நம்ம ஆளுங்களுக்குப் பிரயோஜனமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டார். நான் சுவரைப் பார்த்தே பேசிப் பழகியவன். எதிரே அத்தனை முகங்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டேன். தீப்பெட்டி தட்டுப்பட்டது. கண்டக்டர் ஞாபகம் வந்துவிட்டது.

கண்டக்டர் என்றுதான் எங்கள் பக்கத்தில் அவரைச் சொல்வார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெள்ளகோவில் போகிற பஸ்ஸில் ஓடி ஓடியே ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டம்மா சூலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பு தினமும் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாராம். ஜன்னலோர சீட்டைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்துப் பிடித்து வைத்தே அது கல்யாணத்தில் முடிந்தது. அதுவரைக்கும் டீச்சர் அவரை "கண்டக்டருங்களே" என்று கூப்பிடுவாராம். தாலி ஏறிய பிறகு "ஏனுங்க" ஆனது. "கண்டக்டருங்களேங்கறது ஏனுங்கன்னு ஆகறதுக்குள்ள நான் எத்தன விசிலு ஊதியிருப்பேன் தெரியுமுங்களா?" என்று கண்டக்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அளவு பார்க்கப் போன முதல் நாளில். டீச்சர் உள்ளேயிருந்து, "போதுமுங்க, வந்தவருக்குக் காப்பி குடுக்க உடுங்க" என்றார்.

டீச்சருக்கு மறதி தொடங்கியிருந்த சமயம் அது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவது, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவது என்கிற அளவில்தான் அப்போது இருந்தது. மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கண்டக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய காலத்தில் அடித்த பச்சை டிஸ்டம்பர்தான் சுவரெல்லாம். நடுவில் ஒரு தடவைகூட வேறு கலர் மாற்றியதில்லை. "ஆசுபத்திரிப் பச்சை, ஆசுபத்திரிப் பச்சை" என்று டீச்சர் வருஷக்கணக்காகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார், பஸ்ஸில் போய் வரவே நேரம் சரியாக இருந்த மனுஷர் காதில் வாங்கவில்லை. இப்போதாவது செய்துவிடலாம் என்று கிளம்பினார். ஷேடு கார்டை விரித்து வைத்தேன். டீச்சரே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்து, சந்தனக் கலர் ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இதுங்க. வெளிச்சமா இருக்கும்." இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கலரை வேறு யாரும் அவர் மேல் திணிக்கவில்லை.

தூசியும் வாடையும் ஆகாதென்று சத்தியமங்கலத்தில் இருக்கும் மகள் வந்து அம்மாவைக் கூட்டிப் போய்விட்டாள். நாங்கள் வேலையில் இறங்கினோம். என் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. பழைய டிஸ்டம்பர் மேல் அப்படியே அடித்துவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. அடியில் இருப்பது உரிந்தால் மேலே இருப்பதும் சேர்ந்துதான் உரியும். நனைத்து, சுரண்டி, விரிசலை வாய் திறந்து பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, காய விட்டு, அப்புறம்தான் கலர். பீரோவை நகர்த்தினோம், ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றினோம், பரணுக்குள்ளே தலையை விட்டுச் சுரண்டினோம். பச்சை என்று சொல்ல ஒரு பொட்டு விடவில்லை. முடிந்ததும் வீடு ஜொலித்தது. கண்டக்டர் ஹால் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, "அம்மணி பாத்தா அசந்துருவாங்க" என்றார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

டீச்சர் வந்து இறங்கும்போது நானும் அங்கே இருந்தேன். பாராட்டு வாங்கலாம் என்கிற ஆசைதான். கேட்டுக்குள் வந்தார், வாசலில் நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆரு ஊடுங்க இது?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பி, "பாத்தாச்சுல்லங்க, நம்மூட்டுக்குப் போலாம் வாங்க, நேரமாச்சு" என்றார். கண்டக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து டீச்சர் சொந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டார். நாற்காலி நுனியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். சோறு வைத்தால், "எதுக்குங்க சிரமம்" என்று இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துகொள்வார். அடுத்தவர் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று தரையில் முந்தானையை விரித்துப் படுப்பார். சாயங்காலம் ஆனால் போதும், பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவார். இதுதான் நம் வீடு என்று கண்டக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மகள் பழைய போட்டோவெல்லாம் எடுத்துக் காட்டினாள். போட்டோவில் பின்னால் இருக்கும் பச்சைச் சுவரைத் தொட்டு, "அதா, அதுதான் நம்மூடு" என்றாராம். ஒரு நாள் கண் அசந்த நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார். தெருத் தெருவாகத் தேடிவிட்டுக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால், கிழக்கே போகிற பஸ் ஒன்றில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். கிளம்பியிருந்தால் எங்கே இறங்கியிருப்பாரோ, யார் கண்டது? மறுநாள் காலையில் கண்டக்டர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"பழைய பச்சையவே அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். "இன்னொருக்கா அம்மணிய பஸ் ஸ்டாண்டுல தேட எனக்குத் தெம்பு இல்லீங்க." அடிப்பதா பெரிய காரியம்? எந்தப் பச்சை என்பதுதானே விஷயம். பச்சை என்றால் ஷேடு கார்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. போட்டோவை வைத்துக் கலர் பிடிக்க முடியாது. ஒரே சுவர் ஒரு போட்டோவில் நீலமாகத் தெரியும், இன்னொன்றில் மஞ்சளாகத் தெரியும். ஒரு துளி கிடைத்தால் போதும், பெயிண்ட் கடையில் கலர் பிடிக்கிற மெஷினில் வைத்துப் பார்த்துவிடலாம். அந்த ஒரு துளி இல்லை. நானேதான் பொட்டு விடாமல் சுரண்டியிருக்கிறேனே! நல்ல வேலை செய்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது அதுதான் முதல் தடவை. வீடு முழுக்க டார்ச் அடித்துத் தேடினோம். கடைசியில் வராந்தாவில் கரண்ட் மீட்டர் மாட்டியிருந்த மரப்பலகையைப் பார்த்தேன். சீல் வைத்தது என்பதால் அதை மட்டும் நாங்கள் கழற்றவில்லை, சுற்றி அடித்துவிட்டிருந்தோம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே பட்டி வைக்கிற மெல்லிய தகட்டை விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினேன். உள்ளங்கையில் உதிர்ந்தது, இந்தச் செதில். கண்டக்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மெஷினில் வைத்தோம், கலர் வந்தது, ஹாலில் ஒரு சுவரில் அடித்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கும் உடனே புரிந்தது. பலகைக்குப் பின்னால் வெயிலும் புகையும் படாமல் இருந்த பச்சை அது. பால் காய்ச்சிய நாளின் பச்சை. டீச்சர் பார்த்துப் பார்த்துச் சலித்தது அதுவா? அடுப்புப் புகையும் ஊதுபத்தியும் வெயிலும் சேர்ந்து வேறொன்றாக்கியிருந்த பச்சையல்லவா? அப்புறம் கையால் கலக்கத் தொடங்கினேன். துளி மஞ்சள், துளி கறுப்பு, கொஞ்சம் காவி. அட்டையில் அடித்து, முழுசாகக் காய விட்டு, காலை வெளிச்சத்தில் ஒரு முறை, சாயங்காலம் ட்யூப்லைட்டில் ஒரு முறை பார்ப்பது. ஈரத்தில் கலரை முடிவு செய்கிறவன் ஏமாந்து போவான். ஒவ்வொரு அட்டைக்கும் கண்டக்டர் கண்ணை மூடித் திறந்து, "இன்னுங் கொஞ்சம் அழுக்கு வேணுமுங்க" என்பார். "ஏனுங்க, அழுக்கு கேக்கற பார்ட்டி என் வாழ்க்கையில நீங்க ஒருத்தர்தான்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். உள்ளே டீச்சர் பையோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்ததும் கண்டக்டர் அழுக்குக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். டீச்சரை மறுபடி சத்தியமங்கலம் அனுப்பிவிட்டு வீடு முழுக்க அதையே அடித்தேன். பளபளப்பு துளியும் இல்லாமல் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக வரும்படி பார்த்துக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "இங்க ஒரு எண்ணெய்க் கறை இருந்துச்சுங்க. அம்மணி தல சாச்சு உக்கார்ற எடம்." எனக்கும் ஞாபகம் இருந்தது, நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்தக் கறை மேலே வந்துவிடக் கூடாதென்று சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, தனி பிரைமர் இரண்டு தரம் அடித்து, படாத பாடு பட்டவன் நான். இப்போது தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, டீச்சர் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்தில் வரும் என்று கண்டக்டரை உட்கார வைத்து அளவு பார்த்து, புத்தம் புதுச் சுவரில் கறை வைத்தேன். என்னோடு வேலை செய்பவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வெளியே போய்ச் சிரித்தார்கள்.

டீச்சர் வந்தார். மகள் கூட்டி வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, எப்போதும் போடுகிற மூலையில் போட்டார். முதல் தடவை வந்தபோது செருப்போடுதான் நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே உள்ளே போனார். பையைக் கட்டிலில் வீசினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கறை மேல் சரியாகத் தலையைச் சாய்த்து, "அப்பாடா" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது. கண்டக்டர் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்காரப் போனார். டீச்சர் சட்டென்று நிமிர்ந்து சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார்.

"ஊடு வரைக்கும் கொண்டாந்து உட்டீங்க, ரொம்ப சந்தோசமுங்க, கண்டக்டருங்களே" என்றார். "நேரமாச்சுங்க. உங்கூட்ல தேடுவாங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

அந்த "ஏனுங்க" போய்விட்டது. டீச்சர் கையில் அகப்படாமல் அது எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் வெளியே வந்தார். வராந்தாவில், மீட்டர் பலகைக்குக் கீழே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே இன்னும் எடுக்காமல் வைத்திருந்த என் பிரஷ்ஷையும் டப்பாவையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊட்டுக்குக் கலர் கண்டுபுடிச்சுப்போட்டீங்க" என்றார். "எனக்கு ஒண்ணு கலக்கிக் குடுங்க பாக்கலாம்." சிரிக்கத்தான் சொன்னார், பாவி மனுஷர். நான் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இப்போதும் அந்த வழியாகப் போனால் அவரைப் பார்க்கிறேன். டீச்சர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை. கண்டக்டர் படுக்கை வராந்தாவில். காலையில் குளித்து, சட்டை மாட்டி, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு வெளியாள் மாதிரி மணி அடிப்பார். டீச்சர் எட்டிப் பார்த்து, "அட, கண்டக்டருங்களா, வாங்க, காப்பி குடிச்சுட்டு டூட்டிக்குப் போங்க" என்பார். சில நாள் நல்ல மனசாக இருந்தால் இரண்டு இட்டிலியும் கிடைக்கும். சில நாள் கதவே திறக்காது. அன்றைக்கு அவர் கேட்டிலேயே நிற்பார். நான் வண்டியை நிறுத்தி ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்? பச்சையை மாற்றாமல் இருந்திருந்தால் என்று ஒரு நாள் கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க, டாக்டர் இப்படித்தான் ஆகும்னுட்டாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் எனக்கு!

கூட்டத்தில் இதையெல்லாம் எங்கே சொல்வது? பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நான் தீப்பெட்டியைத் திறந்து செதிலைக் காட்டினேன். எந்த வீட்டைச் சுரண்டினாலும் ஒரு மறைவான இடத்தில் உள்ளங்கை அகலம் பழைய கலரை விட்டு வையுங்கள் என்றேன். கலரை ஈரத்தில் பார்க்காதீர்கள், காய்ந்த பிறகு பகலிலும் விளக்கிலும் பாருங்கள் என்றேன். அந்த வீட்டில் வயசானவர்கள், மறதிக்காரர்கள் இருந்தால் மொத்தமாக மாற்றாமல் ஒரு அறையை மட்டும் முதலில் மாற்றி அவர்களை உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன். எல்லோரும் போனில் குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தப் பச்சை கடைசியில மேட்ச் ஆச்சுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க" என்றேன்.

கை தட்டினார்கள். கடைக்காரர் எழுந்து வந்து சால்வை போட்டார். நான் செதிலைப் பஞ்சில் வைத்துத் தீப்பெட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.