விடிந்தபின் உறங்குதல்

நெற்றியில் நான் இட்ட திருமண் கோணியிருப்பதை முதலில் கண்டவள் என் மனைவி. கண்ணாடியில் எனக்கு அது நேராகவே தெரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சிறு பட்டறை ஒன்றின் இரவுக் காவலாளி நான். பின்னந்தலை வலி பல வாரங்களாகவே இருந்தது. வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டேன். காலையில் வேலைக்கு வரும் லேத் தொழிலாளி ஒருவர் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்: “இன்னா சாமி, கண்ணு ரெண்டும் மொளகாப்பழமாட்டம் கீது? ஊட்ல தூங்கவே மாட்டியா?”

மனைவிதான் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் ஓர் இளம்பெண். உயர் ரத்த அழுத்தம் என்றார். விழித்திரையின் (கண்ணின் உட்படலம்) நுண்குழாய்களில் கசிவு தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் பார்வை போகும் என்றார். பாசுர நூலை விரித்து வாசிப்பதொன்றே எனக்கு எஞ்சியுள்ள செல்வம். அதற்குமேல் அன்று எதுவும் காதில் விழவில்லை.

பிறகு ஒருநாள் முழுவதும் கையில் பட்டையொன்றைக் கட்டியிருந்தார்கள் (தானே இறுகித் தளர்ந்து அழுத்தத்தை அளக்கும் கருவி). உறக்கத்தில் அழுத்தம் இறங்கவேண்டுமாம், எனக்கு இறங்கவேயில்லை. பகலில் எவ்வளவு நேரம் தூங்குவீர்கள் என்று மருத்துவர் கேட்டார். கதிரவன் எழுந்தபின், விளக்கெரியும் வீட்டில் படுக்கும் வழக்கமில்லை, பாராயணமே எனக்கு ஓய்வு என்றேன்.

மனைவி குறுக்கிட்டாள். “வந்ததும் குளிச்சுட்டுப் பெருமாளை எழுப்பிடுவார் டாக்டர். உச்சிவேளை வரைக்கும் பாராயணம். அப்புறம் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார், கேட்டா தியானம்பார்.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “மனசுக்கு அது ஓய்வா இருக்கலாம் ஐயா. ரத்தக்குழாய்க்குத் தூக்கம்தான் ஓய்வு. மாத்திரை தரேன், ஆனா நீங்க படுத்தே ஆகணும்.”

பட்டறையில் பகல்முறை வேலை கேட்டிருக்கிறேன், இடம் இன்னும் ஒழியவில்லை. அதுவரை என்ன செய்வதென்று, திரும்பும் பேருந்தில் புலம்பினேன். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி மனைவி சொன்னாள்: “இனிமே பெருமாளை நான் எழுப்பிக்கிறேன். நீங்க படுங்க.”

சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். தெருவில் தண்ணீர் லாரி இரையும். உடல் கல்லாய்க் கிடக்க, ஏதோ அபசாரம் செய்வதாக நெஞ்சு அடித்துக்கொள்ளும். உறக்கம் மெல்லத்தான் வந்தது. கசிவு பரவவில்லை என்று பின்னர் மருத்துவர் சொன்னார். மங்கிய பார்வை முழுதும் தெளியாது என்பதையும் மறைக்கவில்லை.

இரவில் உழைக்கும் அன்பர்களே, விழித்திருப்பதையே தவமென்று எண்ணியிருந்தேன். உடல் அப்படி எண்ணவில்லை.

என் நாள் இப்போது மாலையில் புலர்கிறது. காலையில் நான் இருட்டறையில் கிடக்க, சுவருக்கு அப்பால் அவள் குரல் இறைவனைத் துயிலெழுப்புகிறது. மூன்றாம் பாசுரத்தில் ஓர் அடியை விட்டுவிடுவாள். தொடக்கத்தில் அதைத் திருத்துவதற்கென்றே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அந்த இடம் வருவதற்குள் உறங்கிவிடுகிறேன்.