வலிக்காத இடம்

மீரா சாகிப், பினாங்கில் பள்ளிவாசல் முனையில் காவடித் தடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்றவர். அந்தக் குழம்புக்கு மிளகாய் அரைத்தவள் அவர் மனைவி சபூரா. பால் மறக்காத மகள் ஹாஜராவை முந்தானைக்குள் போட்டுக்கொண்டே பாதி வேலையை முடித்துவிடுவாள். எதற்கும் அடம்பிடிக்காதவள், வெற்றிலையை மட்டும் யார் சொல்லியும் விடவில்லை. புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் அம்மி முன் உட்காருவாள்.

அந்தக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வெற்றிலை போடும் வீட்டில் வாய் வேகாதவர் யார்? சுண்ணாம்பு கூடிப்போனது என்று விட்டுவிட்டாள். எரிச்சல் தாங்காமல் போனபோது மீரா சாகிப் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். அப்போது நோன்பு தொடங்கியிருந்தது.

"வாய்க்குள்ள மருந்து வச்சா நோன்பு முறிஞ்சிரும் மச்சான். பெருநாள் கழியட்டும்."

பகலெல்லாம் வெற்றிலை இல்லாததால் எரிச்சல் அடங்கியது. நோன்பே குணமாக்கிவிட்டது என்று பக்கத்து வீட்டு நூர்ஜானிடம் பெருமையடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். போனது எரிச்சல், திட்டு அல்லவே! கண்ணாடியை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா, பாவி மகள்?

பெருநாள் போய் மறுபடி வெற்றிலை போட்டபோதும் அங்கே எரியவில்லை. பல மாதம் கழித்துத் தாடைக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மீரா சாகிப் அன்று காவடியை இறக்கிவைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினார்.

வெள்ளைக்கார டாக்டர் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தை விலக்கிப் பார்த்தார். திட்டைத் துணியால் துடைத்தார். விரலால் சுற்றி அழுத்தினார். பிறகு கழுத்தைத் தடவினார். அவர் சொல்லச் சொல்ல புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் பிச்சைமுத்து தமிழில் சொன்னார்.

"துடைச்சா போகலங்கிறாரு. நடுவுல சிவந்து குழிஞ்சிருக்கு. ஓரம் தடிச்சு, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. கழுத்துக் கட்டி அசைய மாட்டேங்குது. வலிக்குதான்னு கேக்குறாரு அக்கா."

சபூராவின் முகம் மலர்ந்தது. "இல்லண்ணே! அழுத்தினாக்கூட வலிக்கல."

பிச்சைமுத்து அதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலை குனிந்துகொண்டார்.

"என்னலா சொல்றாரு?" என்றார் மீரா சாகிப்.

"வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பீங்க அண்ணே. இது புத்துநோய். கழுத்துக்கு இறங்கிருச்சு. இனி அறுத்தும் பிரயோசனமில்லங்கிறாரு."

"புள்ள இன்னும் பால் மறக்கலண்ணே," என்றாள் சபூரா. டாக்டரிடம் அதையும் சொல்லச் சொன்னாள். பிச்சைமுத்து சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல அம்மி முன் உட்கார்ந்து மிளகாய் அரைத்தாள். அரைத்த விழுதை விரலில் வழித்துக் கன்னத்துக்குள் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நாக்கும் உதடும் தீயாக எரிந்தன, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மீரா சாகிப் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"விடுங்க மச்சான். எல்லா இடமும் எரியுது, அங்க மட்டும் எரியல. இன்னும் கொஞ்சம் வச்சுப் பாக்குறேன்."